தேனீப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம்

கிண்ணியா
18.08.2024

மதிப்புக்குரிய "கௌ." அவர்களுக்கு,

உங்கள் முழுப் பெயரை நூலகர் பிரியதர்சினி மிஸ்ஸிடம் கேட்டேன். "கருத்து எழுதுற ஆக்களின்ர பேரை நாங்கள் சொல்ல ஏலாது. கடிதம் எழுதித் தாங்கோ, குடுத்துவிடுறன்" என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் சப்ரினா. தினமும் பஸ்ஸில் பாலம் கடந்து திருகோணமலை ரவுணுக்கு வந்து ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். பகல் சாப்பாட்டு நேரத்தில் பொது நூலகத்துக்கு ஓடி வருவேன். வாசலுக்குப் பக்கத்தில் "வாசகர் பரிந்துரை" என்று ஒரு புத்தகத் தட்டு இருக்கிறதே, தமக்குப் பிடித்த புத்தகத்துக்குள் கருத்துத் துண்டு எழுதி வைத்துவிட்டுப் போகும் தட்டு, அங்கே நான் முதலில் தேடுவது உங்கள் துண்டைத்தான். நீங்கள் நல்லது என்று எழுதிய எதுவும் என்னை ஏமாற்றியதில்லை. அந்த நம்பிக்கையால்தான் இப்போது மானம் போய்க்கொண்டிருக்கிறது.

விசயத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் நாங்கள் ஐந்து பெண்கள் சனிக்கிழமை பின்னேரங்களில் கூடி ஒரு புத்தகத்தை உரத்து வாசிக்கிறோம். முன்பெல்லாம் நஜ்முன் நிஸா ராத்தாவின் முன்னறையில், காற்றாடிக்குக் கீழே. ஜூனில் அவரது மகள் றஹ்மாவுக்குக் கலியாணம் முடிந்தது. எங்கள் வழக்கம் தெரியும்தானே, வீடு மகளுக்கு. ராத்தா வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பின்வளவில் வீட்டுச் சுவரோடு தகரச் சாய்ப்பாக இறக்கிய பத்திக்குப் போய்விட்டார். இப்போது அந்தத் தகரப் பத்திக்குள் ஐந்து பேர் வியர்த்துக்கொண்டு வாசிக்கிறோம். மற்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். "இந்த வெக்கையில என்ன புத்தகம்? வீட்ட இரிந்து ரீவியில நாடகம் பார்க்கலாம்" என்கிறார் சுபைதா மாமி. ஒரேயொரு நல்ல புத்தகம் கொண்டுவருகிறேன், அதற்குப் பிறகு முடிவெடுங்கள் என்று கெஞ்சி, உங்கள் துண்டு இருந்த சிவப்புத் துணி அட்டைப் புத்தகத்தை எடுத்துப் போனேன்.

அட்டை மாற்றித் திரும்பக் கட்டியபோது அதன் தலைப்புப் பக்கம் போய்விட்டிருக்கிறது. முதல் வரியே இப்படி: "மழைக்காலம் முடிந்ததும் வீட்டை மெதுவாகத் திறக்க வேண்டும். ராணி உயிரோடு இருக்கிறாளா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்." எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். மூன்றாம் பக்கத்தில் சுபைதா மாமி கையைத் தட்டினார். "அடியேய், இது தேனீப் பெட்டி!"

நீங்கள் துண்டில் எழுதியிருந்ததை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். "முதல் பாதி மெதுவாகத்தான் நகரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி அத்தியாயத்தை வாசித்து முடித்துவிட்டு நெடுநேரம் யாரோடும் பேச முடியாமல் இருந்தேன்." சரி, இந்தக் காலத்து இலக்கியம் இப்படித்தான் இருக்கும்போல என்று பொறுத்துக்கொண்டார்கள். நேற்று ஆறாம் அத்தியாயம் முடித்தோம். எறும்பு ஏறாமல் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது பற்றியது.

தயவுசெய்து சொல்லுங்கள் ஐயா. கதை எப்போது தொடங்கும்?

இப்படிக்கு,
சப்ரினா


திருகோணமலை
22.08.2024

அன்புள்ள சப்ரினா அக்காவுக்கு,

நான் ஐயா இல்லை. என் பெயர் கௌசிகா. இருபத்தாறு வயது. இந்தப் பெயரை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கதை தொடங்கப் போவதில்லை. அந்தத் துண்டு அந்தப் புத்தகத்துக்கு உரியதே அல்ல.

உங்கள் கடிதத்தை நூலக மேசையில் இருந்து வாசித்தபோது என் காது சூடேறிவிட்டது. என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். நான் கருத்து எழுதி வைப்பதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்து, தட்டுக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சட்டென்று செருகிவிடுவேன். அன்றைக்கு, ரவுணில் திரிகிற மான்களில் ஒன்று வாசலுக்குள் வந்துவிட்டது. அதைத் துரத்த எல்லோரும் வெளியே ஓடிய சமயம் நல்ல சமயம் என்று, கண்ணை வாசலில் வைத்துக்கொண்டு கையால் தடவிச் செருகினேன். நூலகத்தில் பழைய புத்தகங்களுக்கெல்லாம் ஒரே சிவப்புத் துணிதானே. நான் சொல்ல வந்த நாவல் "மூன்றாம் துறை". ஒரு வெளிச்ச வீட்டுக் காவலாளியின் கதை. அது அப்படியே துண்டு இல்லாமல் நிற்கிறது. ஒருவரும் எடுக்கவில்லை.

உங்கள் தோழிகளிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள். எறும்பு அத்தியாயம் வரை பொறுத்த அவர்களை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது. என்னால் உங்கள் வட்டம் கலைந்துபோனால் அந்தச் சிரிப்பும் இருக்காது. "மூன்றாம் துறை"யைப் பிரியதர்சினி மிஸ்ஸிடம் உங்கள் பெயருக்கு எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேனீயைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அதை எடுத்துப் போங்கள்.

வருத்தத்துடன்,
கௌசிகா


கிண்ணியா
01.09.2024

தங்கச்சி கௌசிகா,

உங்கள் கடிதத்தைப் பத்தியில் வாசித்துக் காட்டினேன். (பெயரை மட்டும் சொல்லவில்லை.) ஒருவரும் நம்பவில்லை.

"அவ பயத்துல மாத்திச் சொல்லுறா" என்றார் சுபைதா மாமி. "இப்பிடி உறுதியா எழுதின ஆள் புத்தகம் மாறி வைப்பாவா?"

"மான் வந்ததாம், ஓடினாங்களாம். நல்லாக் கதை விடுறா" என்றார் இன்னொருவர்.

நான் புத்தகத்தைப் பைக்குள் வைக்கப் போனேன். நஜ்முன் நிஸா ராத்தா கையைப் பிடித்துவிட்டார். "எங்க கொண்டு போறாய்? ஏழாம் அத்தியாயத்துல ராணி முட்டை போடாம நிக்கிறா. என்ன நடந்ததெண்டு தெரியாம நான் எப்பிடிப் படுக்கிற?" இப்படிச் சொல்லிவிட்டு அவரே எடுத்து வாசிக்கத் தொடங்கினார். அவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. எப்போதும் மூலையில் இருந்து வெற்றிலை மடிப்பவர்.

இப்போது நிலைமை இதுதான். கடைசி அத்தியாயம் வரை போகாமல் புத்தகத்தைத் தர மாட்டார்களாம். உங்கள் துண்டு சரியா பிழையா என்று அங்கேதான் தெரியுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்காவது தெரியுமா? முன்கூட்டிப் பார்ப்பது களவு என்று ராத்தா புத்தகத்தைத் தன் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

உங்கள் போன் நம்பர் தந்தால் உடனுக்குடன் சொல்வேன்.

சப்ரினா


திருகோணமலை
05.09.2024

அன்புள்ள அக்கா,

போன் வேண்டாமே. குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தில் நான் யோசித்துவிட்டுப் பேசலாம். போனில் ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்கே என்னைப் பிடிக்காது.

அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை. நூலகத்தில் இருப்பது அந்த ஒரு பிரதிதான். கடைசி அத்தியாயம் போத்தலில் தேன் அடைப்பது பற்றியதாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். தோட்டம், மாடு, கோழி பற்றிய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாம் விற்பனையில்தான் முடிகின்றன. உங்கள் தோழிகள் மனதைத் திடப்படுத்திக்கொண்டால் நல்லது.

நான் வேலை செய்யும் கப்பல் முகவர் அலுவலகத்தின் யன்னலால் உட்துறைமுகம் தெரியும். இன்று கோதுமைக் கப்பல் ஒன்று வந்து நிற்கிறது. கணக்கெழுதுவதை விட்டுவிட்டு, ராணி ஏன் முட்டை போடாமல் நின்றாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

ஒன்று மட்டும் மனதில் குத்துகிறது. நான் ஒரு மாதமாக எழுதித் திருத்திய துண்டு தேனீக்குப் போய்விட்டது. "மூன்றாம் துறை" இன்னும் மிஸ்ஸின் மேசையிலேயே கிடக்கிறது. தேனீ முடிந்ததும் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள். ராணி ஏன் முட்டை போடவில்லை என்பதையும் எழுதுங்கள்.

கௌசிகா


கிண்ணியா
22.09.2024

தங்கச்சி கௌசிகா,

நேற்று முடித்தோம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை.

கடைசி அத்தியாயம் விற்பனை இல்லை. "கூட்டம் பிரிதல்" என்று தலைப்பு. ராத்தாதான் வாசித்தார். பெட்டி நிறைந்துவிட்டால், புதிய ராணி பிறக்கும் தறுவாயில் பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு வெளியேறிவிடுமாம். கட்டிய அடைகள், சேர்த்த தேன், எல்லாம் மகளுக்கு. போகிறவர்கள் வயிற்றில் குடித்த தேனைத் தவிர ஒன்றும் எடுத்துப் போவதில்லையாம்.

அந்த இடத்தில் ராத்தாவின் குரல் நின்றுவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் றஹ்மாவின் புதுக் குசினியில் குக்கர் விசிலடித்தது.

அந்த வீட்டு அத்திவாரத்துக்குக் கல் சுமந்தவர் அவர். சவூதியில் அவர் உழைத்ததெல்லாம் அந்த வீட்டில்தான் போய்ச் சேர்ந்தது. கலியாணத்துக்குப் பிறகு ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. எல்லாத் தாய்மாரும் செய்வதுதானே, என்ன கேட்பது?

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு மிச்சத்தை வாசித்தார். புது இடம் கிடைக்கும் வரை அந்தக் கூட்டம் ஒரு மரக்கிளையில் கொத்தாகத் தொங்குமாம். அந்த நேரத்தில் அவை பெரும்பாலும் கொட்டுவதில்லையாம்.

"கேட்டுக்கோங்க" என்றார் ராத்தா. "நானும் இப்ப கிளையிலதான் தொங்குறன். ஆனா கொட்ட மாட்டன் எண்டு மட்டும் ஒருத்தரும் நினைக்க வேணாம்."

அழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே சிரித்துவிட்டோம். சுபைதா மாமி சிரித்த சிரிப்பில் கதிரைக் கால் ஒன்று கழன்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். எந்த வீட்டை எப்போது கொடுத்தோம், எந்தச் சாமானை ஒளித்து எடுத்து வந்தோம் என்று. மாமி அம்மிக் கல்லையே தூக்கி வந்திருக்கிறார்! பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லித்தான் எழும்பினோம்.

உங்கள் துண்டு பிழை என்று இனி இங்கே யாரிடமும் சொல்ல முடியாது. "அவ சரியாத்தான் எழுதியிரிக்கா" என்கிறார்கள். உங்களைப் பார்க்க வேண்டுமாம். ஒரு சனிக்கிழமை வாருங்கள்.

ராணி முட்டை போடாததற்குக் காரணம் வயதுதானாம். ராத்தாவுக்கு அந்த விளக்கத்தில் திருப்தி இல்லை.

சப்ரினா


திருகோணமலை
26.09.2024

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பிறகு அம்மாவைப் போய்ப் பார்த்தேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "என்ன பிள்ளை, இப்பிடிப் பார்க்கிறாய்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் வீடும் ஒருநாள் எனக்குத்தான் எழுதப்படும். அது எனக்குக் கிடைக்கும் ஒன்று என்று மட்டுமே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அம்மா எங்கே போவார் என்று நினைத்ததில்லை. எத்தனையோ நாவல் வாசித்தவள் நான். இதை ஒரு தேனீப் புத்தகம் சொல்ல வேண்டியிருந்தது.

அழைத்ததற்கு நன்றி. ஆனால் என்னால் வர ஏலாது. நாலு பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு வாய் திறக்காது. துண்டில் எழுதுகிற ஆள் வேறு, நான் வேறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தோழிகள் நினைத்து வைத்திருக்கும் ஆளைக் கெடுக்க எனக்கு விருப்பமில்லை.

"மூன்றாம் துறை"யை எடுத்துவிட்டீர்கள் என்று மிஸ் சொன்னார். அதை மட்டும் வாசியுங்கள். அந்தக் காவலாளி கரையில் இருக்கும் பெண்ணிடம் தன் மனதை ஒருநாளும் சொல்வதில்லை. வெளிச்சம் ஒன்றுதான் சொல்கிறது. அதைவிட அழகான மௌனத்தை நான் வாசித்ததில்லை.

அன்புடன்,
கௌசிகா


கிண்ணியா
27.10.2024

தங்கச்சி கௌசிகா,

கோபிக்கக் கூடாது. உங்கள் காவலாளியை இங்கே பிய்த்து எறிந்துவிட்டார்கள்.

"வாய் இரிக்குதானே இவனுக்கு?" என்றார் சுபைதா மாமி. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா பத்துப் பக்கத்துல கதை முடிஞ்சிரிக்கும். எண்ணெயும் மிச்சம்."

"அவள் வேற கலியாணம் முடிச்சுப் பிள்ளையும் பெத்துட்டாள், இவன் இன்னும் விளக்குத் துடைக்கிறான்!" இது ராத்தா. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் அவர்தான்.

நான் ஒருத்திதான் உங்கள் பக்கம். நேற்று அந்தச் சண்டை உச்சத்தில் இருந்தபோது மழை பிடித்தது. இந்த வருடத்துப் பெருமழையின் முதல் அடி. தகரத்தில் விழுந்த சத்தத்தில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. பத்தி நாலு இடத்தில் ஒழுகத் தொடங்கியது. புத்தகத்தை என் முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். இத்தோடு முடிந்தது, மாரி போகும் வரை வாசிப்பும் இல்லை, மாரி போனபிறகு இவர்கள் திரும்பக் கூடப் போவதும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

மாமி விடவில்லை. "அவனைப் பார்த்துச் சிரிக்கிறாய்" என்று ராத்தாவிடம் கத்தினார். "நீ மட்டும் என்ன? அங்க முன்னறை சும்மா கிடக்குது. பெத்த மகளிட்ட ஒரு வார்த்தை கேட்க உனக்கு வாய் வருகுதா?"

ராத்தாவின் முகம் மாறிவிட்டது. எழும்பினார். சண்டை வரப் போகிறது என்று நினைத்தேன். பாயைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கி நேரே வீட்டுப் பின்கதவைத் தட்டினார். நாங்களும் நனைந்துகொண்டு பின்னால் ஓடினோம்.

றஹ்மா கதவைத் திறந்தாள். புருசன் இன்பாஸ் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.

"வீட்டைத்தான் எழுதிக் குடுத்தன் மகள்" என்றார் ராத்தா. "சனிக்கிழமையை எழுதிக் குடுக்கல்ல. விலகு."

விலகிவிட்டாள்! முன்னறையில், காற்றாடிக்குக் கீழே, ஈரப் பாயை விரித்து மிச்சச் சண்டையைப் பிடித்தோம். இன்பாஸ் நாங்கள் நனைத்த நிலத்தைத் துடைத்துவிட்டு, என்ன நடக்கிறது என்று விளங்காமல் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தார்.

இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் அங்கேதான். ஆனால் ஒரு நிபந்தனை. உங்கள் காவலாளி விசயம் தீராமல் அடுத்த புத்தகம் இல்லையாம். "துண்டெழுதினவ வந்து மறுமொழி சொல்லட்டும்" என்கிறார்கள். நான் ஒருத்தியாக நாலு பேரோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது? அந்தக் காவலாளி வாய் பேசாமல் இருந்ததுதான் அழகு என்று நீங்கள் நம்பினால், வந்து வாயால் சொல்லுங்கள்.

முகத்தைப் பார்ப்பார்களே என்று பயப்பட வேண்டாம். இங்கே ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் இல்லை.

சப்ரினா


திருகோணமலை
11.11.2024

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை அங்கே வந்து போனதிலிருந்து தொண்டை கட்டித்தான் கிடக்கிறது. நேற்றுக் காலை அம்மா மல்லித் தண்ணீர் வைத்துத் தந்தார். "என்ன நடந்தது குரலுக்கு?" என்று கேட்டார். சண்டை பிடித்தேன் என்றேன். "யாரோட?" "கிண்ணியாவில நாலு பொம்பிளையளோட." அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். நம்பவே இல்லை.

எனக்கும் நம்பிக்கையில்லைதான். சுபைதா மாமி, "நீ கலியாணம் முடிக்கப் போறது வெளிச்ச வீட்டையா, இல்ல அவனையா?" என்று கேட்டபோது எனக்குள் இருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தோற்றுத்தான் போனேன். அந்த மனிதன் ஒரு தடவையாவது கரைக்கு வந்து கேட்டிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது எனக்கே தோன்றிவிட்டது. இதை மாமியிடம் சொல்ல வேண்டாம். நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

எல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் இருந்தீர்கள். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் எல்லோரும் அஸர் தொழப் பின்னால் போனபோது நான் முன்னறையில் தனியாக இருந்தேன் அல்லவா? றஹ்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுக்க வந்தவள், எடுக்காமல் நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அந்தத் தேனீப் புத்தகத்தை எனக்கும் ஒருக்கா எடுத்துத் தருவீங்களா? உம்மாட்டக் கேட்டன், திருப்பிக் குடுத்தாச்சு எண்டுட்டா. எல்லாரும் என்னை ராணி எண்டு பகிடி பண்ணுறாங்க. அதுல என்னதான் இரிக்கெண்டு நான் பார்க்கணும்."

எடுத்துத் தருகிறேன் என்றேன். அவள் இன்னும் போகவில்லை.

"நான் உம்மாவைப் பின்னுக்குப் போகச் சொல்லல்ல அக்கா. கலியாணம் முடிஞ்சு விடிய எழும்பிப் பார்த்தா பாயும் இல்ல, உம்மாவும் இல்ல. முன்னுக்கு வாங்க எண்டா ஏசுவா. 'இது உன்ட வீடு, நான் வந்து நிண்டா உன்ட புருசனுக்குச் சங்கடம்' எண்டுவா. அவருக்கு ஒரு சங்கடமும் இல்ல. சனிக்கிழமை மட்டுந்தான் வாறா. வந்தா இப்பிடிச் சத்தம் போடுறா, சிரிக்கிறா." கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "நீங்க எல்லாரும் வாசிக்கிறத நிப்பாட்டிடாதீங்க."

அதற்குள் நீங்கள் எல்லோரும் வந்துவிட்டீர்கள். அவள் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராத்தா நேராக வந்து காற்றாடிக்குக் கீழே, நடுவில் இருந்தார்.

இன்று வேலை முடிந்து நூலகத்துக்குப் போனேன். தேனீப் புத்தகத்தை றஹ்மாவுக்காக எடுத்துவிட்டேன். அடுத்த வாசிப்புக்கு என்ன எடுப்பது என்று நாவல் அலுமாரிக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். எப்படிப்பட்டது வேண்டும் என்று மிஸ் வந்து கேட்டார். கதை எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றேன். அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்கும்.

இருப்பதிலேயே தடித்ததாகப் பார்த்து எடுத்திருக்கிறேன், அக்கா. சனிக்கிழமை கொண்டுவருகிறேன். அடுத்த மாரி வரைக்கும் போகும்.

கௌசிகா